ஊரடங்கில் இடுப்பு எலும்பு முறிவு குறைந்ததா, கூடியதா? ஒரு கணக்குச் சந்தேகம்

மாதக்கணக்கு:

வணக்கம். கோவிட் ஊரடங்கு வயதானவர்களின் இடுப்பு எலும்பு முறிவை எப்படி மாற்றியது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது ஒரே ஒரு அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவுச் சேர்க்கைப் பதிவேடு, 2017 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை. மாதத்துக்கு இருபது கேஸ் வாக்கில் வருகிறது. ஏப்ரல், மே, ஜூன் மூன்றையும் கூட்டினால் 2017, 18, 19 சராசரி 60, 2020இல் 48.

படித்த கட்டுரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்று குறைந்தது என்கிறது. இன்னொன்று மாறவே இல்லை என்கிறது. மூன்றாவது, வார்டில் இடுப்பு முறிவின் பங்கு எகிறிவிட்டது என்கிறது. எல்லாம் நல்ல இதழ்களில் வந்தவைதான்.

சாலை விபத்துக் கேஸ்கள் அடியோடு படுத்துவிட்டபோது இது மட்டும் ஏன் அப்படிப் படுக்கவில்லை? 60க்கு 48 என்பதை "20 சதவீதம் குறைவு" என்று எழுதலாமா? பதிவேட்டில் எதைச் சேர்க்கணும், எதைத் தள்ளணும்?

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததால் வெயில் படாமல் வைட்டமின் டி குறைந்து எலும்பு உடைந்தது என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதையும் யாராவது தொட்டால் நல்லது.


சாமணம்:

முதல் கேள்வி சுலபம். எங்கே, எப்படி விழுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

லாரி மோத லாரி ஓட வேண்டும். ஊரடங்கில் ஓடவில்லை. எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு இடுப்பு முறியக் கட்டிலும் கழிப்பறையும் இருந்தால் போதும். அவை இரண்டும் ஊரடங்கிலும் திறந்தே இருந்தன. முதியவர்களின் இடுப்பு முறிவில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நின்ற உயரத்திலிருந்து விழுவதால் வருகிறது, பெரும்பாலும் வீட்டுக்குள். வேகமாக நடக்கிறவர் விழுந்தால் முன்பக்கம் விழுவார், கையை ஊன்றுவார், மணிக்கட்டு போகும். தளர்ந்து அடியெடுத்து வைப்பவர் பக்கவாட்டில் சரிவார். தொடையின் வெளிமேட்டு எலும்பு நேராகத் தரையில் மோதும். வழக்கமான காட்சி இதுதான்: விடியற்காலை மூன்று மணி, நீர் பிரிக்கும் மாத்திரையால் சிறுநீர் முட்டுகிறது, சட்டென்று எழுகிறார், மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளி இறங்குகிறது, குளியலறை வாசலில் நாலு அங்குலப் படி, கீழே ஈரம், பிடிக்கக் கிடைத்தது பிளாஸ்டிக் வாளி. இதில் ஊரடங்கு எதை மாற்றியது?

கொஞ்சம் மாற்றியதுதான். கோவில், சந்தை, கல்யாணம், பஸ் படி எல்லாம் நின்றன. வெளியே நடமாடக்கூடிய, கொஞ்சம் தெம்பான முதியவர்களின் விழுகைகள் அதனால் குறையும். அதே நேரம் வேலைக்கார அம்மா வரவில்லை, பாட்டியே தரை துடைத்தார், மொட்டை மாடியில் துணி காயப்போட்டார். பிள்ளைகள் வேறு ஊரில் மாட்டிக்கொண்டார்கள். கோவிட் காய்ச்சலே நீர்ச்சத்தை வற்றவைத்து, அழுத்தத்தை இறக்கி, புத்தியையும் குழப்பி ஆளைக் கீழே தள்ளும். வயதானவர்களில் இருமலே இல்லாமல் "விழுந்துட்டார், பேச்சு குழறுது" என்பதே கோவிடின் முதல் அறிகுறியாக வந்ததுண்டு. இரண்டு பக்கமும் எடை இருக்கிறது. அதனால் பல நாடுகளில் மொத்தத்தில் ஒரு சின்ன இறக்கம், அல்லது இறக்கமே இல்லாத நிலை. விபத்து, விளையாட்டுக் காயங்களின் சரிவோடு அதை ஒப்பிடவே முடியாது.

இனி பதிவேடு. உங்கள் பெரிய எதிரி "இடுப்பு எலும்பு" என்ற தமிழ்ச் சொல்லே. இங்கே பேசப்படுவது தொடை எலும்பின் மேல்நுனி முறிவு: கழுத்துப் பகுதி, அதற்குக் கீழே மேட்டெலும்புகளுக்கு இடைப்பட்ட பகுதி, இன்னும் கொஞ்சம் கீழே. ஆனால் இடுப்புக்கூட்டு எலும்பு முறிந்தாலும் சேர்க்கைச் சீட்டில் "இடுப்பு எலும்பு முறிவு" என்றே எழுதியிருப்பார்கள். இருசக்கர வண்டி விபத்தில் வரும் இளைஞர்களின் இடுப்புக்கூட்டு முறிவுகள் உங்கள் 60க்குள் ஒளிந்திருந்தால், 2020இல் அவை மறைந்ததையே இடுப்பு முறிவு குறைந்ததாக எண்ணிவிடுவீர்கள். அறுவை சிகிச்சைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். ஹெமி (பாதி மூட்டு மாற்று), டி.ஹெச்.எஸ். (திருகும் தட்டும்), பி.எஃப்.என். (தொடை எலும்புக்குள் ஆணி) என்று இருந்தால் உங்கள் கேஸ். தட்டு வைத்து இடுப்புக்கூட்டைப் பொருத்தியிருந்தால் இல்லை. ஆனால் அறுவை நடக்காமல் வீட்டுக்குப் போனவரை அறுவைப் பதிவேட்டில் தேடாதீர்கள். ஊரடங்கில் அப்படிப் போனவர்கள் முக்கியம்.

இன்னொன்று, விழுந்த தேதியும் சேர்ந்த தேதியும் வேறு வேறு. தொடை எலும்பின் கழுத்து முறிந்து, துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று குத்தி நின்றுவிட்டால் ஆள் நொண்டிக்கொண்டே ஒரு வாரம் நடப்பார். பஸ் இல்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ், பெரியாஸ்பத்திரியில் கோவிட் என்ற பயம். வலி தாங்கினால் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். புத்தூர் கட்டுக்குப் போனவர்களும், கட்டிலோடு போட்டுவிட்டவர்களும் உண்டு. கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் வீட்டில் யாருக்கும் தெரியும். குத்தி நின்ற முறிவில் அது தெரியாது. இவர்கள் ஏப்ரலில் விழுந்து ஜூலையில் எலும்பு கூடாமல் வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். ஆகவே சேர்ந்த தேதியை வைத்து எண்ணாதீர்கள். கேஸ் ஷீட்டில் "விழுந்து எத்தனை நாள்" என்ற வரி இருக்கும். அதைக் கழித்து விழுந்த மாதத்தில் போடுங்கள். அந்த இடைவெளியின் நடுமதிப்பு 2019இல் எத்தனை நாள், 2020இல் எத்தனை நாள் என்று பாருங்கள். நீண்டிருந்தால் உங்கள் 48இல் ஒரு பங்கு தாமதம்தான்.


தொகுதிபகுதி:

மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. மூன்று கட்டுரை மூன்று விதமாகச் சொல்வதற்குக் காரணம், மூன்றும் வேறு வேறு பகுதியால் (பின்னத்தின் கீழ் எண்ணால்) வகுக்கின்றன.

கற்பனைக் கணக்கு ஒன்று. சாதாரண மாதத்தில் வார்டில் 100 சேர்க்கை, அதில் இடுப்பு முறிவு 20. ஊரடங்கு மாதத்தில் மொத்தம் 55, இடுப்பு முறிவு 18. பங்கு 20 சதவீதத்திலிருந்து 33 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. எண்ணிக்கையோ 10 சதவீதம் இறங்கியிருக்கிறது. இரண்டும் உண்மை, தலைப்பில் எதைப் போடுகிறார்கள் என்பதுதான் விஷயம். வீதம் என்றால் மூன்றாவது ஒன்று: மேலே முறிவு எண்ணிக்கை, கீழே அந்த வட்டாரத்தில் உயிரோடு இருக்கும் 50 (அல்லது 60) வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை. உங்களிடம் மேலே இருப்பது மட்டும்தான் இருக்கிறது.

கீழே போட எதை எடுப்பது? இந்தியாவில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை, தள்ளிப்போனது. 2011 எண்ணிக்கையிலிருந்து நீட்டித்த மதிப்பீடுதான் வழி. அதில் முதியோர் பங்கு ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போவதால் பகுதியை 2019 அளவிலேயே நிறுத்திவிடாதீர்கள். மாறாக, தொற்று கடுமையாக அடித்த இடங்களில் பகுதியே சுருங்கியிருக்கும். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் முதியோர் இல்லங்களில் நேர்ந்த சாவுகள் அதற்கு உதாரணம்: விழுந்து இடுப்பு முறியக்கூடிய நிலையில் இருந்தவர்களே கணிசமாகப் போய்விட்டார்கள். அதன்பின் வரும் மாதங்களில் முறிவு குறைந்தால் அது யாருடைய எலும்பும் பலப்பட்டதால் அல்ல.

அடுத்து, உங்கள் மருத்துவமனை மாவட்டத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறது என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுவிடுங்கள். ஹரியானாவின் ரோத்தக் மாவட்ட ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்டோர் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 129 இடுப்பு முறிவு (பெண்கள் 159, ஆண்கள் 105). உங்கள் மாவட்டத்தில் அந்த வயதில் 5 லட்சம் பேர் என்று வைத்தால் ஆண்டுக்கு 645 வரணும். உங்களுக்கு வருவது 240. மீதிப்பேர் தனியார் மருத்துவமனை, பக்கத்து மாவட்டம், கட்டு வைத்தியம், வீடு. ரோத்தக் எண் உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் அளவு புரியும். இந்த மீதி 2020இல் இடம் மாறியிருந்தால் (உங்கள் மருத்துவமனை கோவிட் மையமாக்கப்பட்டு எலும்புப் படுக்கைகள் குறைந்திருந்தால், அல்லது பக்கத்துத் தனியார் மருத்துவமனை மூடி அவர்கள் கேஸ் உங்களிடம் வந்திருந்தால்) உங்கள் எண்ணிக்கை ஏறி இறங்கும், மாவட்டத்தின் வீதம் அசையாமல் இருக்கும். ஒரே மருத்துவமனையை வைத்து "வீதம்" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். "சேர்க்கை" என்று எழுதுங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

பிரிட்டனில் இந்தத் தலைவலி குறைவு. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு 2007 முதல் தேசிய இடுப்பு முறிவுப் பதிவேடு உண்டு. 60 வயதைத் தாண்டியவர்கள், ஆண்டுக்கு 60,000க்கு மேல். கிட்டத்தட்ட எல்லா மருத்துவமனையும் உள்ளே. அங்கே ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலும் கணக்கிலிருந்து நழுவாது.

இப்போது 60க்கு 48. விகிதம் 0.80. பிழை எல்லை இல்லாமல் இதை எழுதக் கூடாது. மூன்று ஆண்டுகளின் அதே காலாண்டுகள் சேர்த்து 180 கேஸ், 2020இல் 48. விகிதத்தின் மடக்கைக்குத் திட்டப் பிழை, 1/180ஐயும் 1/48ஐயும் கூட்டி வர்க்கமூலம்: 0.162. அதை 1.96ஆல் பெருக்கி இரு பக்கமும் வைத்தால் 95 சதவீத எல்லை 0.58 முதல் 1.10 வரை. அதாவது 42 சதவீதம் இறங்கியிருக்கலாம், 10 சதவீதம் ஏறியும் இருக்கலாம். மாதத்துக்கு 20 என்று வரும் எண், எந்தத் தொற்றும் இல்லாமலேயே 12க்கும் 30க்கும் இடையில் ஆடும். தனித்தனி மாதத்தைக் காட்டிப் படம் போட்டு அம்புக்குறி வரையாதீர்கள்.

சரியாகச் செய்ய: 2017 ஜனவரி முதல் 2020 பிப்ரவரி வரை 38 மாதம் முன்காலம். 2020 மார்ச் கலப்பு மாதம், ஊரடங்கு 25ஆம் தேதிதான் தொடங்கியது, அதைத் தள்ளிவிடலாம். மாத எண்ணிக்கைக்குப் பாய்சான் மாதிரி (எண்ணிக்கைகளுக்கான புள்ளியியல் மாதிரி), சிதறல் அதிகமாக இருந்தால் (எச்ச விலகலை விடுதலைப் படிகளால் வகுத்தால் 1.5க்கு மேல் போனால்) நெகட்டிவ் பைனாமியல். மக்கள்தொகை பெருக்கல் மாத நாட்கள், இதன் மடக்கையை ஆஃப்செட்டாக (மாதிரியில் மதிப்பிடாமல் அப்படியே சேர்க்கும் உறுப்பாக) வையுங்கள். பிப்ரவரிக்கு 28 நாள், மார்ச்சுக்கு 31. இதை விட்டால் 10 சதவீதப் போலி வித்தியாசம் வந்து நிற்கும். நீண்ட காலப் போக்குக்கு ஒரு உறுப்பு, பருவத்துக்கு சைன், கோசைன் ஒரு ஜோடி, ஊரடங்குக்கு ஒரு படி (அந்த மாதங்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்ற குறியீடு). தமிழ்நாட்டில் முதல் கட்டம் ஒன்று, 2021 மே 10 முதல் இரண்டாம் அலை முழு ஊரடங்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே குறியீட்டில் அடைக்காதீர்கள். முதலில் ஊர் அடங்கியிருந்தது, நோய் குறைவு. இரண்டாவதில் நோயே ஊரைப் புரட்டியது. அவற்றின் விளைவு ஒரே திசையில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

நோய்க் குறியீடுகள்: ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலில் எஸ்72.0, 72.1, 72.2. இடுப்புக்கூட்டு எஸ்32, வேண்டாம். செயற்கை மூட்டைச் சுற்றிய முறிவு, புற்றுக்கட்டியால் முறிந்தது, வாகன விபத்து மூன்றையும் தள்ளுங்கள். ஒரே ஆள் வேறு மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டு இரண்டு தடவை பதிவானால் ஒன்று. ஆனால் மறுபக்கக் கால் முறிந்தால் அது புதுக் கேஸ். வலது, இடது என்று எழுதாத சீட்டுகள்தான் இங்கே உயிரை வாங்கும்.


வெண்டைக்காய்ச் சாம்பார்:

வைட்டமின் டி பற்றி யாரும் தொடவில்லை. ரெண்டு மாசம் வெயில் படாவிட்டால் எலும்பு தேயாதா?


சாமணம்:

தேயும் வேகம் அவ்வளவு இல்லை. மார்ச் கடைசியில் கதவு சாத்தி ஏப்ரலில் உடைந்த எலும்பு, பத்திருபது வருடமாக மெலிந்த எலும்பு. ரத்தத்தில் டி அளவு சில வாரங்களில் இறங்கலாம். எலும்பின் கனம் அந்த வேகத்தில் மாறாது. மாத்திரை கொடுத்தாவது முறிவு குறைகிறதா என்றால், அமெரிக்காவில் 25,871 பேருக்குத் தினம் 2000 யூனிட் டி3 அல்லது வெற்று மாத்திரை கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு: முறிவில் வித்தியாசம் இல்லை. அவர்கள் குறைபாடு உள்ளவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல என்பது ஒரு முக்கியமான வரம்பு. கடும் குறைபாட்டில் எலும்பு மென்மையாகும், தொடைத் தசையும் தளரும். அவர்களுக்குக் கொடுத்தே ஆகணும். ஆனால் 2020 ஏப்ரல் எண்ணை விளக்க வெயிலைக் கூப்பிட வேண்டியதில்லை.


மாதக்கணக்கு:

நன்றி சாமணம் டாக்டர். தொகுதிபகுதி சாருக்கும். "20 சதவீதம் குறைவு" அழித்தாயிற்று. ஆஃப்செட்டில் நாட்களையும் சேர்த்துவிட்டேன்.

ஒரு துணைக்கேள்வி. கோவிட் பாசிட்டிவான இடுப்பு முறிவு நோயாளிகளில் மூன்றில் ஒருவர் இறந்ததாகப் படித்தேன். அப்படியானால் மொத்த இறப்பும் மூன்று, நாலு மடங்கு ஏறியிருக்கணுமே? எங்கள் பதிவேட்டில் வார்டு இறப்பு 2020இல் குறைந்தே இருக்கிறது.


முதுகுஊசி:

அந்த மூன்றில் ஒன்று நம்பத்தக்க எண்தான், வந்த வழி தெரிந்தால்.

ஸ்பெயினில் 2020 மார்ச், ஏப்ரலில் 13 மருத்துவமனைகளில் 136 இடுப்பு முறிவு நோயாளிகளைத் தொகுத்தார்கள். பரிசோதனை நடந்ததே 62 பேருக்கு. பாசிட்டிவ் 23, அதில் இறப்பு 7, அதாவது 30.4 சதவீதம். ஸ்காட்லாந்தில் அதே வசந்தத்தில் 317 பேர், பாசிட்டிவ் 27. அவர்களில் 30 நாளுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் போனார், மற்றவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஸ்காட்லாந்து எண்ணில் கவனிக்க வேண்டியது வேறு: அந்த 27 பேரில் சேரும்போது அறிகுறி இருந்தது 7 பேருக்குத்தான். "காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா" என்று வாசலில் கேட்டு வடிகட்டியிருந்தால் இருபது பேர் சாதாரண வார்டுக்குள் போயிருப்பார்கள்.

உங்கள் பெருக்கலை இப்போது போடுங்கள். 317இல் 27 பேருக்கு மூன்றில் ஒன்று, 9. மீதி 290 பேருக்கு 8 சதவீதம் என்று வைத்தால் 23. மொத்தம் 32, அதாவது 10 சதவீதம். ஒரு சின்னக் கூட்டத்தில் நாலு மடங்கான இறப்பு, மொத்தத்தில் 8ஐ 10 ஆக்குகிறது, அவ்வளவுதான். மாதம் 20 கேஸ் பார்க்கும் இடத்தில் அந்த இரண்டு புள்ளி கண்ணுக்கே தெரியாது.

வார்டு இறப்பு குறைந்தது ஏமாற்று. படுக்கை வேண்டும் என்பதாலும் தொற்று பயத்தாலும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இறப்பு வீட்டில் நடந்திருக்கும். 30 நாள் இறப்பு வேண்டுமானால் பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. சராசரித் தங்கல் நாளை ஆண்டுவாரியாகப் போடுங்கள். 12 நாள் 7 ஆகியிருந்தால் கதை அங்கேயே தெரியும்.

கோவிட் முறிவுக்கு முன்னா பின்னா என்பதையும் பிரியுங்கள். காய்ச்சலில் தள்ளாடி விழுந்தவர் என்றால் தொற்று முறிவு எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறது. முறிந்து சேர்ந்து ஏழாம் நாள் பாசிட்டிவ் ஆனவர் எண்ணிக்கையைக் கூட்டவில்லை, இறப்பை மட்டும் கூட்டுகிறார். சேர்ந்த தேதிக்கும் மாதிரி எடுத்த தேதிக்கும் உள்ள இடைவெளி இருந்தால் ஓரளவு பிரிக்கலாம்.

தாமதம் இன்னொரு விஷயம். இங்கிலாந்தில் 36 மணி நேரத்துக்குள் அறுவை என்பதை வைத்து மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் தருகிறார்கள். நம் பக்கம் அந்த மாதங்களில் ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு வரட்டும் என்று நிறுத்திவைத்த இடங்கள் உண்டு; மாதிரி வேறு ஊருக்குப் போய் வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் கால் இழுவையில், படுத்தபடி, நுரையீரல் அடியில் சளி தேங்கிக்கொண்டு. முடிவு வராவிட்டால் பாசிட்டிவ் என்றே வைத்து முழுப் பாதுகாப்பு உடை போட்டு, முதுகில் மரப்பு ஊசி கொடுத்துச் செய்துவிடுவதே மேல். மூச்சுக்குழாயில் குழாய் செருகாததால் தொற்றுப் பரப்பும் துளிகளும் குறைவு. அதற்காக "ஒவ்வொரு மணி நேரமும் உயிர்" என்றும் அடித்துவிட வேண்டாம். 17 நாடுகளில் 2,970 பேரை வைத்து 2020 பிப்ரவரியில் வந்த சோதனையில், முறிவு உறுதியானதிலிருந்து 6 மணி நேரத்தில் அறுவை செய்தவர்களுக்கும் 24 மணி நேரத்தில் செய்தவர்களுக்கும் 90 நாள் இறப்பு 9, 10 சதவீதம், வித்தியாசம் இல்லை. அறுவையை ஒட்டி வரும் தற்காலிக மனக்குழப்பம் சீக்கிரம் செய்தவர்களுக்குக் குறைந்தது, எழுந்து நிற்பது முந்தியது. ஒரு நாளைக்குள் என்பது போதும். மூன்று, நாலு நாள் என்பதுதான் கெடுதல்.


கைப்பிடி:

எல்லோரும் 2020 ஏப்ரலையே பார்க்கிறீர்கள். இயன்முறைப் பக்கத்திலிருந்து சொன்னால், ஊரடங்கின் விளைவு தேட வேண்டிய இடம் அதற்குப் பிந்தைய மாதங்கள்.

எலும்பு மெதுவாகத் தேயும், தசை அப்படி அல்ல. 2007இல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஆரோக்கியமான 12 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. ஊரடங்கு முழுப் படுக்கை இல்லைதான். ஆனால் காலை நடை, கோவில் சுற்று, பால் வாங்கப் போவது எல்லாம் ஒன்றிரண்டு மாதம் நின்றால் நாற்காலியிலிருந்து எழும் தெம்பு குறைவது நிச்சயம். கோவிட் வந்து இரண்டு வாரம் படுத்தவருக்கு இன்னும் மோசம். இந்தத் தளர்ச்சி முறிவாக மாற நாள் பிடிக்கும். அதனால் மாதிரியில் வெறும் படியை மட்டும் வைக்காமல், ஊரடங்குக்குப் பிறகு எண்ணிக்கை மாதாமாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற சாய்வையும் ஒரு உறுப்பாக வையுங்கள். முதலில் ஒரு பள்ளம், பிறகு மெல்ல ஏற்றம் என்று வந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்து "மாற்றமில்லை" என்ற சராசரி கிடைக்கும். மாறவில்லை என்று முடித்த கட்டுரைகளில் சில இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அளக்க ஒரு எளிய வழி: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 நொடிக்கு மேல் ஆனால் கால் வலு குறைவு என்று கணக்கு. அதையே பயிற்சியாகவும் கொடுக்கலாம். 45 செ.மீ. உயர நாற்காலி, பின்பக்கம் சுவரில் முட்டியிருக்கணும். மொசைக் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிப் பின்னால் ஓடும், பயிற்சியே விபத்தாகும். குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் உள்ளே. மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேர் வரும்வரை முன்னால் குனிந்து எழணும். நிமிர்ந்தபடியே எழப் பார்த்தால் பின்னால் பொத்தென்று விழுவார்கள். உட்காரும்போது மனசுக்குள் மூன்று எண்ணி மெல்ல இறங்கணும், பாதிப் பலன் அந்த இறக்கத்தில்தான். காலை 5, மாலை 5. ஒரு வாரத்தில் 8, பிறகு 10. முட்டி வலித்தால் நிறுத்தாமல் ஒரு கெட்டித் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், வாராவாரம் தலையணையை மெலிதாக்குங்கள்.


மருந்துச்சீட்டு:

பிந்தைய மாதங்கள் என்றால் நிறுத்தப்பட்ட ஊசிகளையும் சேர்க்கணும். எலும்புத் தேய்வைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி 60 மி.கி., ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஊரடங்கில் அது தவறிய நோயாளிகள் ஏராளம். அந்த மருந்து விட்டால் எலும்புத் தேய்வு வேகமெடுத்துத் திரும்பும். அதனால் 2020இல் எலும்பு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து சொன்னது: கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்துக்குள் அடுத்தது போட முடியாவிட்டால் அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைக்கு மாற்றுங்கள். ஆண்டுக்கொரு தடவை 5 மி.கி. ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் எலும்பிலேயே தங்குவதால் சில மாதம் தள்ளினாலும் பெரிய கேடில்லை. அதை ஏற்றிய முதல் மூன்று நாள் வரும் காய்ச்சல், உடல்வலியைக் கோவிட் என்று பயந்து ஓடி வந்தவர்கள் வேறு.


சாமணம்:

டெனோசுமாப் விஷயம் சரி, ஆனால் இந்தக் கணக்கில் இழுக்காதீர்கள். அதை நிறுத்தியதும் திரும்பி அடிக்கும் முறிவுகள் முக்கியமாக முதுகெலும்பில்; ஒரே நேரத்தில் இரண்டு மூன்று எலும்பு நசுங்கும். இடுப்பு முறிவு எண்ணிக்கையை விளக்க அது சின்னத் துண்டு. அதுவும் அரசு மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

2021, 22ஐ எண்ணும்போது அதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. இரண்டாம் அலையில் ஸ்டீராய்டு தாராளமாகப் பாய்ந்தது. டெக்ஸாமெத்தசோன் தினம் 6 மி.கி., பத்து நாள் வரை என்பதுதான் ஆய்வில் பலன் தந்த அளவு. பல இடங்களில் அதைவிடக் கூடக் கொடுத்தார்கள், நாளும் நீண்டது. சில மாதம் கழித்து தொடை எலும்புப் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போன கேஸ்கள் வரத் தொடங்கின. முப்பது, நாற்பது வயது ஆட்கள், விழவே இல்லை, அடிவயிற்றுக்குக் கீழே கவட்டையில் வலி, சம்மணம் போட முடியாது. எக்ஸ்ரேயில் முதலில் ஒன்றும் இருக்காது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். கடைசியில் மூட்டு மாற்றுகிறார்கள். அறுவைப் பதிவேட்டில் அதுவும் இடுப்பு மூட்டு மாற்று, முறிவுக்கு வைத்ததும் இடுப்பு மூட்டு மாற்று. நான் மேலே அறுவைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கச் சொன்னேன். அதில் 2021 ஜூனுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு முழு மூட்டு மாற்றுக்கும் நோய்க்குறியீட்டைத் தனியாகத் திறந்து பாருங்கள். எம்87 (ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்ததற்கான குறியீடு) என்றால் வெளியே. குறியீடே எழுதாத சீட்டில் விழுந்த தேதி இருக்கிறதா, வயது 50ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அந்த வரியை எண்ணாதீர்கள்.


மாதக்கணக்கு:

திறந்து பார்த்தேன். 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை "இடுப்பு மூட்டு மாற்று" என்று இருந்தவற்றில் விழுந்த தேதி இல்லாதவை இருக்கின்றன. இரண்டாம் பாதியில் ஏற்றம் என்று நான் குறித்து வைத்திருந்தது அதே மாதங்கள்தான். முதலில் அதைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டுகிறேன்.